ஊக்குக் குத்தாத சொர்ணலதா

சொர்ணலதா என்ற பெயரை நான் முதலில் கேட்டதே வசவாகத்தான். இரண்டாயிரத்து ஏழாம் வருடம், ஆடி மாதம். என் தம்பி மகன் கர்ணன் அல்லிநகரத்து ஸ்கேன் சென்டரிலிருந்து எங்கள் ஊர் கோம்பைக்குத் திரும்பி, திராட்சைத் தோட்டத்தில் நின்று கத்தினான். "சொர்ணலதாவாம், மிசினு ஓட்டுறவ. என் அரைஞாணை அவுக்கச் சொல்றா, அத்தே. பொணத்துக்குத்தான அத அவுப்பாக?"

ஸ்கேன் அவனுக்கில்லை, மகள் விஜிக்கு. பத்தாவது படிக்கிற பிள்ளை. நாலு மாதமாகப் பேச்சில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, தலைவலி வேறு. மனச்சோர்வாகத்தான் தெரிகிறது, ஆனாலும் மூளையில் கட்டி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். தனியாக உள்ளே படுக்கப் பயந்த விஜி, "அய்யா கூட நிக்கட்டும்" என்று அப்பனைக் கேட்டாளாம். இடுப்பில் அந்த வெள்ளி அரைஞாண்கொடியோடு காந்த மிசினுக்குப் பக்கத்தில் விடமாட்டேன் என்று சொர்ணலதா மறிக்க, இவன் மகளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அவன் பெண்டாட்டி மாயக்காள் சத்தம் போடவில்லை. "அரளிவெதையப் பாவாடையில முடிஞ்சு வச்சிருந்த பிள்ள. அது வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான். ஒமக்குக் கொடி பெருசாப் போச்சு."

மறுநாள் நானும் கூடப் போனேன். சொர்ணலதா சின்னமனூர்ப் பெண். சேலையில் ஒரு ஊக்குக் கிடையாது. முந்தானையைச் சுற்றிச் செருகியிருந்தாள். வளையல் இல்லை, கடிகாரம் இல்லை. வருகிறவர்களிடமே மணி கேட்பாள். "டக்குடக்குன்னு அடிக்கும், ஆத்தா. நெல்லு மிசினுக்குப் பக்கத்துல படுத்திருக்கதா நெனச்சுக்க" என்று விஜிக்கு அந்தச் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினாள். கர்ணனிடம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டி, "பொணத்துக்கு அவுக்குறத உசுருக்கு அவுத்தாச் சாமியா கோவிச்சுக்கிரும், அண்ணே?" என்றாள். அவன் அவிழ்த்துப் போட்டான். ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் மகளின் பாதத்தையும் பிடித்துக்கொண்டு கடைசிவரை உள்ளே நின்றான்.

படத்தில் கட்டி இல்லை. "அப்ப இம்புட்டு நாளும் நடிச்சாளா?" என்று எகிறினான் கர்ணன்.

"கட்டி இல்லேன்னுதாண்ணே படம் சொல்லுது. நோவு இல்லேன்னு சொல்லல. மனசு நோவு இதுல விழுகாது. இனி டாக்டரு அதுக்கு வைத்தியம் பாப்பாக. வையாமக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் சொர்ணலதா.

பெற்றவர்கள் யாரிடமும் 'ஒண்ணுமில்ல' என்று சொல்லி அவள் படத்தைக் கொடுத்ததில்லையாம்.

மாத்திரையும் டாக்டரிடம் பேச்சுமாக விஜி தேறி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இப்போது கல்லூரிக்கு பஸ் ஏறுகிறாள். சொர்ணலதா அதே அல்லிநகரத்தில், அதே அறை வாசலில், டப்பாவும் கையுமாக நிற்கிறாள். கர்ணன் இடுப்பில் அன்றிலிருந்து கறுப்புக் கயிறுதான். வெள்ளிக்கொடி எங்கே என்று கேட்டால், "பிள்ள மறுபடி கூப்பிட்டா டக்குன்னு உள்ள போகணும்ல, அத்தே" என்கிறான்.