வழிஞ்ச பசையைத் துடைச்ச கதை

ஒட்டுறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் உண்டு; ஒட்டினப்போ வெளியே வழியுற பசையைத் துடைக்கத்தான் ஆள் கிடைக்காது. ரெண்டு டியூபைக் கலந்து உடைஞ்ச பக்கெட்டை ஒட்டி, அப்புறம் ஒரு வாரம் விரலைச் சுரண்டிக்கிட்டு இருந்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். நமக்குள்ள எதுக்கு வெட்கம், எல்லாரும் பட்டவங்கதானே!

ஹைதராபாத் லோத்குண்டாவுல போட்டி ரைஃபிள் பழுது பார்க்கிற கரீம் பாய் கடையில ஆறு வருஷமா எனக்கு அந்தத் துடைக்கிற வேலைதான். ரைஃபிளோட இரும்பு பாகம் மரக்கட்டைக்குள்ள ஆடாம உட்காரணும். ஆடினா குண்டு ஆளுக்கொரு பக்கம் போகும். அதனால கட்டையோட குழியில பசையை ஊத்தி, இரும்பை அதுல அழுத்தி, ஸ்க்ரூ முடுக்கி, ஒரு ராத்திரி விட்டுடுவோம். அழுத்தினதும் நாலு பக்கமும் பசை பிதுங்கும் பாருங்க, அங்கேதான் இந்த ஸ்டெல்லா வருவா.

பல்லுல ஆரம்பிச்சது

அதுக்கு முன்னாடி நான் ஒரு பல் டாக்டர்கிட்ட உதவியாளர். பல்லுக்குத் தொப்பி மாட்டினதும் ஈறோரம் வழியுற சிமெண்டைக் கொக்கி ஊசியால எடுக்கிறது என் பொறுப்பு. லாலாகுடா ரயில்வே காலனியில பிறந்து வளர்ந்தவ நான். எங்க வீட்டுல பித்தளைக் குழாய்கூட முகம் பார்க்கிற மாதிரி இருக்கும். அந்தப் புத்தி எங்கே போகும்?

ஒருநாள் கரீம் பாய் கடைவாய்ப் பல்லுக்கு வந்தார். நான் கால் மணி நேரம் அவர் வாயைக் குடைஞ்சேன். மனுஷன் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலை, என் கையையே பார்த்துக்கிட்டிருந்தார். வாயைக் கொப்பளிச்சுத் துப்பிட்டு உருதுல சொன்னதைத் தமிழ்ல தர்றேன்: "அம்மா, என் கடையிலேயும் இதே வேலைதான், ஆனா அங்கே யாரும் ஆ-ன்னு கத்த மாட்டாங்க."

வினிகர் வாசனை

காயாத பசையைத் துடைக்க வினிகர் மாதிரி ஒண்ணு கிடையாது. காது குடையற பஞ்சுக் குச்சியை அதுல நனைச்சு ஓரமா இழுத்தா பசை வழுக்கிக்கிட்டு வரும். ஆனா ஹைதராபாத் மே மாசத்துல பசை நமக்காகக் காத்திருக்காது. கிண்ணத்துலேயே சூடேறிக் கல்லாயிடும். போன் வந்தாலும் எடுக்க முடியாது, மூக்கு அரிச்சாலும் சொறிய முடியாது.

அப்படி ஒரு மதியம், குஷாய்குடாவுல இருந்து ஒருத்தர் முதல் தடவையா வந்தார். மேஜைமேல வினிகர் பாட்டில், கிண்ணம், கரண்டி, ஸ்க்ரூ ஓட்டையை அடைக்கிறதுக்காக நான் உருட்டி வெச்ச களிமண் உருண்டை. எல்லாத்தையும் ஒரு சுத்து பார்த்தார். ரைஃபிள் பையை மார்போட அணைச்சுக்கிட்டுக் கேட்டார்: "சமையல் முடிஞ்சப்புறம் வரட்டுமா மேடம்?"

மேஜர் சாரின் பூதக்கண்ணாடி

பக்கத்துத் தெருவுல ரிட்டயர்ட் மேஜர் ஒருத்தர், திருநெல்வேலிக்காரர். சுடறதை விட்டு வருஷக்கணக்காச்சு. ஆனா அவர் ரைஃபிள்ல ஒரு தூசு இருக்கக் கூடாது. பூதக்கண்ணாடியோட வந்து மரமும் இரும்பும் சேர்ற கோட்டை இஞ்ச் இஞ்ச்சா பார்த்தார். கடைசியில கண்ணாடியை மடிச்சுப் பையில போட்டார்: "ஏம்மா, நீ மட்டும் பட்டாளத்துக்கு வந்திருந்தா எங்களுக்குத் தரையில கால் வைக்கவே பயமா இருந்திருக்கும்!"

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. தலைக்கனம் ஏறிப்போச்சு. கடையில ஒரு கறை பார்த்தா கை சும்மா இருக்காது. பாய் குடிச்சுக்கிட்டிருந்த சாயா கிளாஸையே பாதியில பிடுங்கிக் கழுவினவ நான். அப்பவே அவர் வேணாம்னு தடுத்தார்: "நக்கோ ஸ்டெல்லாம்மா, எல்லாத்தையும் துடைக்க நக்கோ!"

துடைச்சது யாரு?

கீர்த்தனான்னு ஒரு பொண்ணு, காலேஜ் கடைசி வருஷம். சென்னையில இருந்து கச்சிபௌலிக்கு வேலையா வந்த குடும்பம். ஞாயித்துக்கிழமை மாநில ஜூனியர் டீமுக்குத் தேர்வு. அடுத்த வருஷம் வயசு தாண்டிடும், அதனால இதுதான் கடைசி வாய்ப்பு. அவளோட ஏர் ரைஃபிள் கட்டைக்குள்ள ஆட ஆரம்பிச்சிருச்சு. புதன்கிழமை அப்பாவும் பொண்ணும் கொண்டுவந்து கொடுத்தாங்க.

பசை இரும்போட அச்சா குழியில உறையணுமே தவிர இரும்புல ஒட்டக் கூடாது, ஒட்டிட்டா வெளியே எடுத்து ட்ரிகரை மாட்ட முடியாது; அதனால பாய் முதல்ல இரும்புக்கு ஷூ பாலிஷ் பூசுவார். எப்பவும் கறுப்பு பாலிஷ். அன்னைக்குக் கறுப்பு தீர்ந்துபோய் நிறமில்லாத பாலிஷைப் பூசிட்டுத் தொழுகைக்குப் போயிட்டார். நான் பார்க்கிறேன், இரும்பு மேல வெள்ளையா மங்கலா ஏதோ படிஞ்சிருக்கு. தூசுன்னு நினைச்சேன். பெயிண்ட் கரைக்கிற தின்னரைத் தொட்டுப் பளபளன்னு துடைச்சு வெச்சேன். அவர் வந்தார், பசை ஊத்தினார், அழுத்தினார். நானும் வழிஞ்சதை வழக்கம்போல அழகா எடுத்தேன்.

வியாழக்கிழமை ஸ்க்ரூவைக் கழட்டினா இரும்பு அசையலை. பாய் தட்டினார், இழுத்தார், "பாலிஷ் போட்டேனே, போட்டேனே"ன்னு புலம்பினார். "எந்த பாலிஷ் பாய்?"னு கேட்டேன். அவர் டப்பாவைக் காட்டினார். நான் என் துணியைக் காட்டினேன். ரெண்டு கையையும் தலையில வெச்சுக்கிட்டார்: "உலகத்துல எல்லாரும் அழுக்கால கெடுவாங்க, நீ ஒருத்திதான் சுத்தத்தால கெட்டே!"

வெனிலாவுக்குப் பக்கத்துல

"கீர்த்தனா வீட்டுக்கு நான் பேசுறேன், பசை சரியில்லைன்னு சொல்லிடலாம்"னார் பாய். எனக்கு மனசு கேக்கலை. நானே போன் பண்ணி, "துடைக்கக் கூடாததைத் துடைச்சுட்டேன், தப்பு என்னுது"ன்னு சொன்னேன். அவங்க அப்பா சட்டுனு போனை வெச்சுட்டார். அதுக்குத் திட்டியிருக்கலாம். வெள்ளிக்கிழமை காலையில ரெண்டு பேரும் வந்து நின்னாங்க. பொண்ணு கண்ணு சிவந்திருந்தது.

ஒரே வழிதான், குளிரூட்டணும். குளிர்ல இரும்பு சுருங்கி பசையை விடும். பக்கத்து ஐஸ்கிரீம் கடை ராஜு கையைக் காலைப் பிடிச்சு, வெனிலா டப்பாவை எல்லாம் ஒதுக்கி, ரைஃபிளைப் பிளாஸ்டிக்ல சுத்திப் பெட்டிக்குள்ள படுக்க வெச்சோம். நாலு மணி நேரம் பாய் பெட்டியை விட்டு நகரலை. நடுவுல குல்ஃபி வாங்க வந்த அம்மா ஒருத்தர் கண்ணாடி வழியா எட்டிப் பார்த்து, "அந்த நீளமானது என்ன ஃப்ளேவர்?"னு கேட்டாங்க. சிரிக்கவும் முடியலை, அழவும் முடியலை. வேளாங்கண்ணி மாதாவுக்கு எத்தனை மெழுகுவர்த்தி நேர்ந்தேன்னு எனக்கே கணக்கில்லை.

வெளியே எடுத்து ரப்பர் சுத்தியலால பாய் மெதுவா ரெண்டு தட்டு தட்டினார். மூணாவது தட்டுல 'டக்'னு ஒரு சத்தம். தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில் சொல்ற பொண்ணு, தெலுங்குல குதிச்சா: "ஆன்ட்டி, வச்சேசிந்தி! வச்சேசிந்தி!"

கீர்த்தனாவின் நிபந்தனை

வந்துருச்சுதான், ஆனா இரும்பு முழுக்கப் பசைப் பொருக்கு. பழைய பல் டாக்டர் கொக்கிகளை எடுத்து, அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் துளித் துளியா எடுத்தேன். குழியில நகக்கண் அளவுக்குப் பிய்ஞ்ச இடத்தைப் பாய் நிரப்பினார். இந்தத் தடவை பாலிஷ் பூசினதும் என்னைத் தெருவுக்கு அனுப்பிக் கதவைச் சாத்திக்கிட்டார்! சனிக்கிழமை கீர்த்தனா சுட்டுப் பார்த்தா, குண்டெல்லாம் ஒரே இடத்துல விழுந்தது.

திங்கட்கிழமை அப்பாவும் பொண்ணும் இனிப்போட வந்தாங்க. டீமுக்கு நாலு பேர், இவ நாலாவது. எனக்கு வாய்விட்டு அழுகை வந்துடுச்சு, பாய்க்கும்தான், அவர் வினிகர் நெடின்னு சொல்லிக்கிட்டார். "இனிமே வேற கடைக்குப் போயிடுவியோன்னு பயந்தேன்டா"ன்னேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, தேடித் தேடித் தமிழ்லயே சொன்னா: "நெக்ஸ்ட் டைமும் நீங்கதான் பண்ணணும் ஆன்ட்டி, ஆனா ப்ளீஸ், கொஞ்சம் அழுக்கா பண்ணுங்க."

எதைத் துடைக்கணும்னு கத்துக்க எனக்கு ஒரு பல் டாக்டர் போதுமா இருந்தார்; எதைத் துடைக்கக் கூடாதுன்னு கத்துக்க ஆறு வருஷமும் ஒரு ஐஸ்கிரீம் பெட்டியும் தேவைப்பட்டது.