முகர்ந்து பார்க்காத போத்தல்

பிளாஸ்டிக் போத்தலைக் கழுவிக் கொண்டுவந்தால் மீள்சுழற்சிக்கு ஏற்கப்படும் என்பது, நான் புலம்பெயர்ந்து வாழும் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் எங்கள் குப்பை நிலையத்தின் விதி. நான் கழுவிக் கொண்டுபோன எண்ணெய்ப் போத்தலை ஊழியர் முகர்ந்துகூடப் பார்க்காமல் எரிக்கும் குப்பைக்குள் எறிந்தார். என் கையில் சவர்க்கார மணம் மிஞ்சியது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த வருடம், யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே போத்தல். சாம்பல் போட்டுக் கழுவி அம்மா நீட்ட, கடைக்காரர் மூக்கருகே பிடித்தார்.

"மண்ணெண்ணெய் மணக்குது, தங்கச்சி. திருப்பிக் கழுவிக்கொண்டு வாங்கோ."

"உங்கட மூக்குக்கு அரசாங்கம் சம்பளம் தரவேணும், அண்ணை!"

இரண்டாம் முறை முகர்ந்தார், நல்லெண்ணெய் ஊற்றினார். அரை மணி நேரத்தில் தீர்ப்பு.

இங்கே அத்தனை அதிகாரிகளுக்கும் சேர்த்து அப்படி ஒரு மூக்கு இல்லை. கழுவியதை ஏன் எரிக்கிறீர்கள் என்று நகரசபைக்கு எழுதினேன். "போத்தல்களைக் கழுவிக் கொண்டுவரவும்" என்ற பதில், மாதங்கள் கழித்து, ஊரில் போர் முடிந்ததாக அரசாங்கம் அறிவித்த 2009 மே 19 அன்று வந்தது.