தண்டவாளத்தில் தடவிய தேங்காயெண்ணெய்

முன்னறையில் குட்டி ரயில் மறுபடியும் விக்கியது. 'விர்ர்' என்று நாலு விரல் தூரம் ஓடி, நின்று, ஒரு குதி குதித்து, திரும்பவும் நின்றது.

திரைக்கு இந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்து ஷம்சாத் பேகம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கணவர் முஸாஃபர் மௌத்தாகி மூன்று மாதம். கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய நான்கு மாதம் பத்து நாள் இத்தா முடியும்வரை அந்நிய ஆணுக்கு முகம் காட்டக் கூடாது, குரல்கூடக் கேட்கக் கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். யார் என்ன சொன்னாலும் ஷம்சாத் இப்போது தலையாட்டிவிடுகிறாள். தட்டை வைத்தால் சாப்பிடுகிறாள். நெஞ்சுக்குள் எல்லாம் மரத்துப்போயிருந்தது.

வந்திருப்பவர் காரியாபட்டி இன்பராஜ். குவைத்தில் முஸாஃபரோடு ஒரே அறையில் பதினாறு வருடம் கிடந்தவர். இந்தக் குட்டி ரயில் கிறுக்கு இருவரையும் அங்கேதான் பிடித்தது. "ஓடாத எஞ்சினை வச்சு என்னம்மா செய்ய? மாமாகிட்டக் குடுங்க. புது மோட்டார் போடட்டும், இல்லாட்டி அவுகளே வச்சுக்கிடட்டும்" என்று மகன் அஃப்ரீத் போனில் சொன்னான். அதற்கும் அவள் தலையாட்டியிருந்தாள்.

திருச்சுழியிலிருந்து இருபது வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள். கட்டியவரின் குரலைப் போனில் கேட்டே இருபத்திரண்டு வருடம் போயிற்று. நாலு வருடம் முன்புதான் அவர் ஒரேயடியாக ஊர் திரும்பினார். தினமும் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு, பலகைமேல் பதித்த தண்டவாளத்தில் எறும்பு ஊர்வது போல வண்டியை விடுவார். அவள் இங்கே வெங்காயம் நறுக்குவாள். மனுஷன் வீட்டில் இருக்கிறார் என்பதற்கு அந்தச் சத்தம்தான் அவளுக்கு அடையாளம். அது இன்றைக்கு வீட்டைவிட்டுப் போகப்போகிறது.

"ம்மா, மோட்டாரு போச்சாம். மாமா பெட்டியில வைக்கப் போறாக" என்று மகள் சுமையா வந்து சொன்னாள்.

"வேகமா விட்டா ஓடுதான்னு கேளு."

சுமையா போய் வந்தாள். "சிட்டாப் பறக்குதாம். மெதுவா விட்டாத்தான் மக்கர் பண்ணுதாம்."

"நிக்கிறது ஒரே இடத்துலயா, கண்ட இடத்துலயா?"

"நான் என்ன மினி பஸ்ஸா, போயிட்டுப் போயிட்டு வர?" முணுமுணுத்துக்கொண்டே போய்க் கேட்டாள்.

முன்னறையில் இன்பராஜ் சிரித்தார். "கண்ட இடத்துலதான் நிக்குதும்மா. உள்ள இருக்கிறது அக்காவா, நம்ம முஸாஃபர் பாயேதானா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. சிரிப்பு பாதியில் அறுந்தது. டீ போடுகிறேன் என்று சுமையா அடுப்படிக்குள் புகுந்துகொண்டாள்.

ஒரே இடத்தில் நின்றால் தண்டவாள இணைப்பில் கோளாறு. சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் திக்கினால் பல்சக்கரம். கண்ட இடத்தில் நின்றால், தண்டவாளத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே கரண்ட் போவதை எதுவோ மறிக்கிறது. ரிப்பேர் பார்க்கும்போது முஸாஃபர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

எதுவோ என்ன எதுவோ! ஷம்சாத் தன் விரல்களைப் பார்த்தாள். இத்தாவில் தலைக்கு எண்ணெய் வைக்காததால் தேங்காயெண்ணெய் பாட்டில் நிறைய இருந்தது. அவர் சாமான் துருப்பிடிக்கக் கூடாதே என்று வெள்ளிதோறும் தண்டவாளத்திலும் சக்கரத்திலும் தடவினாள். அதன்மேல் அருப்புக்கோட்டைக் கரிசல் புழுதி வாரம் வாரமாகப் படிந்திருக்கிறது. ஐயோ, அவருடைய வண்டியை அவளே அல்லவா கட்டிப்போட்டிருக்கிறாள்!

முன்னறையில் அட்டைப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. "சுமையா" என்று மெல்லக் கூப்பிட்டாள். அடுப்படியில் பாத்திரம் உருண்டது, மகளுக்குக் கேட்கவில்லை.

"தம்பி, மோட்டாரைக் கழட்டாதீக" என்றாள் ஷம்சாத், திரையைப் பார்த்து. மூன்று மாதத்தில் வெளியாள் கேட்ட முதல் சொல். "நான்தான் எண்ணெ தடவுனேன். சக்கரத்தைத் தொடைச்சுப் பாருங்க."

அந்தப் பக்கம் அட்டைப் பெட்டியைத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது.

"சரிக்கா."

ஊசி போடும் முன் தடவும் ஸ்பிரிட்டின் வாடை திரையைத் தாண்டி வந்தது. துணி தேய்க்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது. "அல்வா மாதிரியில்ல ஒட்டிக் கெடக்கு" என்று இன்பராஜ் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பிறகு ரயில் கிளம்பியது. திக்காமல், குதிக்காமல், ஒரே சீராக, மெதுவாக ஒரு சுற்று, இன்னொரு சுற்று. ஷம்சாத் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். சந்தோஷமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. காது மட்டும் கேட்டது.

"இனி எண்ணெ வேணாம்க்கா, வெறும் துணி போதும்" என்றார் இன்பராஜ், டீயைக் குடித்துவிட்டு. "வண்டி இங்கயே இருக்கட்டும். அஃப்ரீத்துகிட்ட நான் பேசிக்கிடுறேன். வாரேன்."

ஷம்சாத் திரைக்குள்ளிருந்தே தலையாட்டினாள். காலி அட்டைப் பெட்டியோடு அவர் படியிறங்கினார். சுமையா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.