ஊடு திரும்பிய கதாநாயகி

இரண்டு வாரம் முன்பு கோட்டைமேட்டில் காதர் பாய் வீட்டுக்குப் போனேன். பாய்க்கு எதிரே ஒரு டேப் ரெக்கார்டர். பக்கத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவி, திருநெல்வேலிக்காரப் பெண். வயிறு எரிந்தது.

எரியாதா? அஞ்சாம் கிளாஸோடு நின்றவன் நான். எழுத்துக் கோக்கும் வேலையில் ஆரம்பித்து, இன்று இரண்டு ஆஃப்செட் மெஷினுக்கு முதலாளி. அன்று நான் எழுத்துக் கோத்த அச்சாபீசில் எனக்கு ஃபோர்மேன் இந்த பாய். இப்போது ரிட்டையர் ஆகி வீட்டில் இருக்கிறார். பேட்டி அவரிடமா?

பழைய பேசும்படங்களில் சங்க இலக்கியத்தின் சாயல்... இதுதான் அந்தப் பெண்ணின் ஆராய்ச்சி. அப்போதெல்லாம் தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்கும், கதைச்சுருக்கத்தோடு. நாங்கள் அச்சடித்த ஒன்றிலிருந்து மாணவி படித்துக் காட்டினார்.

"'கணவனிடம் கோபித்த நாயகி ஊடு திரும்பினாள்.' ஊடு திரும்பினாள்னா, ஊடித் திரும்பினாள். சங்க காலத்து ஊடல் ஐயா! இதுக்கு ஒரு அத்தியாயமே எழுதியிருக்கேன். கோத்தது நீங்கதானே?"

பாய் தாடியைத் தடவினார். மறுக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மணி, கோத்தது நானுங்க. என் பேரைப் போடுங்க."

"அப்போ ஊடல்னு யோசிச்சுத்தான் போட்டீங்களா ஐயா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கேசட் மாற்றக் குனிந்தார். பாய் என் காதோரம் வந்தார்.

"ஏனுங்க முதலாளி, தப்பாக் கோத்தது நீங்க. புரூஃப் சரியாப் பாக்கலைன்னு ஓனருகிட்ட அத்தன பேரு முன்னால ஏச்சு வாங்குனது நானு. பேரு மட்டும் உங்களுக்குங்களா?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். நேர்மை என்று நினைக்காதீர்கள் — ஆமாம் என்றால் பாய் போட்டு உடைத்துவிடுவார். எனக்கு இல்லாத பேர் அவருக்கு எதற்கு?

"அம்மணி, வீட்டை எங்க கொங்குப் பக்கம் ஊடுன்னுதானுங்க சொல்லுவோம். பேசற மாதிரியே கோத்துப்போட்டேன். அந்தப் புள்ள கோவிச்சுட்டு அவ ஊட்டுக்குப் போயிட்டா. அவ்வளவுதானுங்க."

அந்தப் பெண் டைப் அடித்த தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு அத்தியாயம் போச்சே! பாய் மட்டும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

நேற்று கடிதம் வந்தது. அத்தியாயத்தை மாற்றி எழுதுகிறாராம் — கொங்குப் பேச்சு சினிமாப் புத்தகத்தில் நுழைந்த கதையாக. இரண்டு பேரும் அதில் வருகிறோமாம். நான், பிழை செய்தவர். பாய், 'வட்டாரச் சொல்லைத் திருத்தாமல் காப்பாற்றிய ஃபோர்மேன்'.

தப்புச் செய்தால் மட்டும் போதாது ஐயா... அதைக் கவனிக்காமல் விட்டவருக்குத்தான் பேர்!