தீவைச் சுற்றிய நாளில் வந்த அழைப்பு

செயின்ட் லூசியா என்ற கரிபியன் தீவை ஒரே நாளில் காரில் சுற்றிவிடலாம் என்று மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். அவுஸ்பில்டுங் என்ற மூன்று வருடத் தொழிற்பயிற்சியை முடித்து, தாதியாக வேலையில் சேர்வதற்கு முன் அவளுக்குக் கிடைத்த இடைவெளி அது. பிராங்பேர்ட் விமானநிலையத்தில் இருபது வருடங்களுக்கு மேலாகச் சரக்கு வண்டி ஓட்டும் என் கணவர், ஊருக்குப் போவதைத் தவிர வேறு எதற்கும் விமானம் ஏறியதில்லை. நானும்தான். அதனால் அந்தப் பயணத்துக்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

மகள் ஒரேயொரு நிபந்தனை போட்டிருந்தாள். தீவைச் சுற்றும் அன்று அப்பா தொலைபேசியைத் தொடக்கூடாது. ஊரிலிருந்து வரும் அழைப்புகளில்தான் இவருடைய பாதி வாழ்க்கை போகிறது. இவரும் சம்மதித்து, காலையில் தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுக் குளிக்கப் போனார். மகள் பக்கத்து அறையில் பயணத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து இவருடைய அண்ணி அழைப்பு எடுத்தார்.

"தங்கச்சி, அவருக்கு இண்டைக்குச் சரியா ஏலாமக் கிடக்கு. தம்பியை ஒருக்காக் காட்டு, தம்பியை ஒருக்காக் காட்டு எண்டு காலமை தொடக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார். தம்பி நிக்கிறாரே?"

"இவர் குளிக்கிறார் அக்கா. நாங்கள் வெளிக்கிடப் போறம். பின்னேரம் வந்து கட்டாயம் எடுக்கிறம்."

"உங்கட பின்னேரம் எண்டா இஞ்சை எத்தனை மணி?"

நான் கணக்குப் பார்க்கவில்லை. "எப்பிடியும் எடுப்பம் அக்கா" என்றேன். அவர், "ஓம், சரி. சந்தோசமாப் போட்டு வாங்கோ" என்று வைத்துவிட்டார்.

குளியலறைக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கதவைத் தட்ட நாலு எட்டு வைத்தால் போதும். நான் தட்டவில்லை.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், அது எவ்வளவு சின்னது என்றாவது தெரியட்டும். இதற்கு முன் மூன்று தடவை இவருடைய அண்ணனுக்கு நோய் கடுமை என்று செய்தி வந்திருந்தது. முதல் தடவை இவர் விழுந்தடித்து ஊருக்கு ஓடிப்போனபோது அவர் விறாந்தையில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாராம். இரண்டாம் தடவை மியூனிக் போகவிருந்த நத்தார் விடுமுறை நின்றது. மூன்றாம் தடவை மகளின் பிறந்தநாள் முழுக்க இவர் பல்கனியில் தொலைபேசியோடு நின்றார். நாலாவது தடவையும் எங்கள் நாளைத்தான் கெடுக்கப் பார்க்கிறார்கள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. தொலைபேசியை நிறுத்திக் கைப்பைக்குள் வைத்தேன்.

அந்தத் தீவில் வாகனங்கள் இடது பக்கமாக ஓடும், ஊரைப் போலவே. ஜெர்மனியில் வலது பக்கமே ஓடிப் பழகியவர் முதல் பத்து நிமிடம் பட்ட பாடு! ஒவ்வொரு வளைவிலும் சிக்னல் போடுவதாக நினைத்து வைப்பரைப் போட்டார். சொட்டு மழையில்லாத கண்ணாடியை அது துடைத்துக்கொண்டேயிருந்தது. மகள் பின்னால் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எப்படியோ சரியாகிவிட்டது. இவர் முகம் மலர்ந்து, "கை தானா வருது பார்! அண்ணை பழக்கின கை இது" என்றார்.

அதோடு தொடங்கியது. வாழைத் தோட்டங்களைக் கடந்தபோதும், வள்ளங்களைக் கரையில் இழுத்து வைத்திருந்த மீன்பிடிக் கிராமத்தில் நின்றபோதும் அண்ணைதான். பழைய மோட்டார் சைக்கிளில் தம்பியை முன்னால் இருத்தி, தான் பின்னால் இருந்து, "இடக்கைப் பக்கம், இடக்கைப் பக்கம்" என்று தோளில் தட்டிக்கொண்டே வந்த அண்ணை. மகள் இதையெல்லாம் முதல்தடவையாகக் கேட்டு, மேலும் மேலும் கேள்வி கேட்டாள். நான் யன்னல் பக்கம் திரும்பி இருந்தேன். கைப்பை என் மடியில் இருந்தது.

பத்தரை மணி போல், தெருவோரம் ஒரு பெரிய ஈரப்பலா மரத்தின் கீழே காரை நிறுத்தினார். ஒரு மனுசி அடுப்பில் ஈரப்பலாக்காய் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். ஊரில் கறி வைக்கும் அதே காயைக் கண்டு இவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"இஞ்சாரும், ஃபோனை ஒருக்காத் தாரும். அண்ணைக்கு இதைக் காட்டோணும். ஒரே ஒரு நிமிசம்."

"சொன்ன சொல்லு எண்டா சொன்ன சொல்லுதான்" என்றேன்.

நிபந்தனை போட்ட மகளே இளகிவிட்டாள். "பரவாயில்லை அம்மா, குடுங்கோ. பெரியப்பாவோடதானே."

கொடுத்திருக்கலாம். ஆனால் கொடுத்தால் அண்ணி முதலில் கேட்பது காலை அழைப்பைப் பற்றியாகத்தான் இருக்கும். ஏன் சொல்லவில்லை என்று இவர் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தேன். "பின்னேரம் ஆறுதலா எடுங்கோவன், இப்ப ஏன் அவசரம்?" என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இவர் சிரித்து, சுட்ட ஈரப்பலாவோடு மரத்தடியில் நின்றார். மகள் தன் தொலைபேசியில் படம் எடுத்தாள்.

பிறகு கந்தக ஊற்று, அருவி, கடலோரம் எழும்பி நிற்கும் அந்த இரட்டை மலைகள். எல்லாம் பார்த்தோம். எது எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

நாலு மணிக்கு ஹோட்டலுக்குத் திரும்பினோம். இவரும் மகளும் காரிலிருந்து சாமான்களை எடுத்துக்கொண்டிருக்க, நான் முன்னால் அறைக்குப் போய்த் தொலைபேசியைப் போட்டேன். பத்தொன்பது அழைப்புகள் வந்திருந்தன. பார்த்ததுமே விளங்கிவிட்டது. அவ்வளவு விளங்கிய பிறகும் என் விரல் செய்தது இதுதான்: காலையில் நான் பேசிய அந்த ஒரு அழைப்பைத் தேடிப் பிடித்து அழித்தது. அதன் பிறகே வெளியே போய்த் தொலைபேசியை இவரிடம் நீட்டினேன்.

அண்ணை யாழ்ப்பாணத்தில் இரவு எட்டரைக்குக்கூட நினைவோடு கதைத்தவராம். ஒன்பதரைக்கு உயிர் போய்விட்டது. இப்போது கணக்குப் பார்த்தேன். ஈரப்பலா மரத்தடியில் நாங்கள் நின்றபோது அங்கே இரவு எட்டு மணி.

இவர் அழுது முடித்து அண்ணியோடு பேசியபோது தொலைபேசி ஸ்பீக்கரில் இருந்தது. "அண்ணி, அண்ணை கடைசியிலை என்னைத் தேடினவரே?" என்று கேட்டார். இதோ வரப்போகிறது என்று நின்றேன்.

"இல்லைத் தம்பி" என்றார் அண்ணி. "அவர் ஒருத்தரையும் கேக்கேல்லை."

தாலி இழந்து சில மணி நேரமேயான ஒரு பெண் என்னைக் காப்பாற்றினார். எங்கள் குடும்பம் குலையக்கூடாது என்று நினைத்தாரா, என்மேல் இரக்கப்பட்டாரா, தெரியாது. அன்றிலிருந்து அவரோடு நான் சமையலும் குளிரும்தான் பேசுகிறேன். நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு வருடமாகிறது. ஈரப்பலா மரத்தடிப் படத்தை இவர் அச்செடுத்து எங்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். போன கிழமை ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்த மகள், சாகிறவர்கள் கடைசி நேரத்தில் யாரையாவது கேட்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "பெரியப்பாவும் உங்களைக் கேட்டிருப்பார் அப்பா" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. அண்ணி சொன்னவ. அவர் என்னைக் கேக்கவேயில்லையாம்" என்றார் இவர். படத்தைப் பார்த்துக்கொண்டு, "நான் பிளேன் ஏறி ஜெர்மனிக்கு வந்த கோவம் அவருக்குக் கடைசிவரைக்கும் போகேல்லைப் போல" என்றார்.

நான் மேசையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன்.

நான் எதை எழுதினாலும் முதலில் வாசிப்பவர் இவர்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலோடு இருந்து பிழை திருத்துவார். இதையும் நாளைக்குக் காலையில் அவர் கையில் கொடுக்கப் போகிறேன். அதற்குப் பிறகு என்னை என்ன செய்வாரோ செய்யட்டும். இந்த ஒன்று மட்டும் அவருக்குத் தெரிய வேண்டும்: அண்ணை உங்களைக் கேட்டவர். காலையிலிருந்தே கேட்டவர்.