சாம்பல் கோட்டுக்குப் பட்டன் எந்தப் பக்கம்?

என் அக்காவுக்கு எங்கள் தெருவில் 'அரை இஞ்ச்' என்று பெயர். துணியை ஆல்டர் செய்ய வருகிறவர்கள் என்ன அளவு சொன்னாலும், "உள்ள அரை இஞ்ச் கூட விடறேன், பின்னால உதவும்" என்பாள். ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் சட்டையின் தோளைப் பார்க்கிற ஜென்மம். ஒருமுறை டாக்டர் அவளுடைய ரத்த அழுத்தத்தைப் பற்றிக் கவலையோடு பேசிக்கொண்டிருக்க, இவள், "டாக்டர், உங்க வலது கை மட்டும் அரை இஞ்ச் நீளமா இருக்கு" என்று சொல்லி என் மானத்தை வாங்கினாள்.

ஒரே அறையை நடுவில் பலகை வைத்துத் தடுத்திருக்கிறோம். அந்தப் பக்கம் அவளுடைய தையல் மெஷின், இந்தப் பக்கம் என்னுடைய போட்டோ பிரிண்ட் கடை. எனக்கு மூக்கு மேல் கோபம். அவளுக்குக் கோபமே வராது. அதைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வரும்.

பதினெட்டு வருஷத்துக்கு முன் 'ஏழாம் நடைமேடை' என்று ஒரு படம் வந்தது. ரயில்வே சிக்னல்காரர் ஒருவர், சாம்பல் நிறக் கோட்டும் கையில் விளக்குமாகச் சுரங்கப் பாதைக்குள் போகிறார். வெளியே வரவில்லை. அவருடைய சின்ன மகள் நடைமேடையில் காத்துக்கொண்டு நிற்கிறாள். அதோடு படம் முடிந்துவிட்டது. "இதெல்லாம் ஒரு முடிவா?" என்று அன்றைக்குத் தியேட்டர் வாசலிலேயே நான் சண்டை பிடித்தேன். ஆனால் அத்தானுக்கும் அவர் மகளுக்கும் அந்தப் படம் என்றால் உயிர். ஏழு வயசுப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று முறை பார்த்தார் மனிதர். அவரிடமும் ஒரு சாம்பல் கோட் இருந்தது. குளிர்காலம் முழுக்க அதைத்தான் போட்டுக்கொண்டு பார்சல் வேன் ஓட்டினார்.

அத்தான் போய் ஏழு வருஷம் ஆகிறது. அதற்கடுத்த வருஷம் மகளுக்கு ஒரு குளிர்ந்த ஊரில் வேலை கிடைத்தது. அக்கா நாலு நாள் கதவைச் சாத்திக்கொண்டு அத்தானின் கோட்டை மகளின் அளவுக்குத் தைத்து முடித்தாள். கிளம்புகிற அன்று ஆசை ஆசையாக எடுத்து நீட்டினாள்.

பிள்ளை அதைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று.

"அப்பா கோட்டை வெட்டிட்டியா? அவரோடதுன்னு இருந்தது அது ஒண்ணுதானே! யாரைக் கேட்டு வெட்டினே?"

கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள், ரெண்டு நாள் இருப்பாள், சாப்பிட்டியா தூங்கினியா என்று பேசுவாள். கோட்டைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டாள். அது அக்காவின் பீரோவில் தொங்கியது.

இந்த நிலையில்தான் அதே படத்தை அதே பெயரில் மறுபடி எடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. புது ஆட்கள், புதுக் கதை, பழசுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று கம்பெனி அடித்துச் சொல்லிவிட்டது. ரசிகர்கள் விடுவார்களா? புதுக் கதாநாயகிதான் அந்த நடைமேடைக் குழந்தை என்றார்கள் சிலர். சுரங்கத்துக்குள் போனவர்தான் இப்போது வில்லனாக வெளியே வருகிறார் என்றார் ஒருவர். இதற்கென்றே போனில் ஒரு குழு இருந்தது. அக்கா 'அரை இஞ்ச்' என்ற பெயரிலேயே அதில் சேர்ந்தாள். சின்னப் பையன்கள் எல்லாம் அவளை "ப்ரோ" என்று கூப்பிட்டார்கள்.

ஒருநாள் யாரோ படப்பிடிப்பைத் திருட்டுத்தனமாக எடுத்து, பத்து விநாடித் துண்டு ஒன்றைக் குழுவில் போட்டான். கதாநாயகி சாம்பல் கோட்டோடு நடந்து வருகிறாள். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு அதை நாற்பது தடவையாவது பார்த்திருப்பாள்.

"இங்க பாருடி! பட்டன் வலப்பக்கம் இருக்கு. பொம்பளை கோட்டுன்னா இடப்பக்கம் இருக்கணும். இது ஆம்பளை கோட்டு. அப்பனோட கோட்டை அந்தப் பொண்ணுக்குப் பிடிச்சுத் தெச்சிருக்காங்க!"

குழுவே ஆடிப்போய்விட்டது. அரை இஞ்ச் ப்ரோ, அரை இஞ்ச் ப்ரோ என்று ஒரே கொண்டாட்டம். அக்கா அன்றே வீடியோவை மகளுக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அம்மாவும் மகளும் ஒரு மணி நேரம் பேசினார்கள். அதற்கப்புறம் தினமும் பேச்சுதான். ஒரு நாள் ஸ்பீக்கரில் பிள்ளை பேசுவது பலகைக்கு இந்தப் பக்கம் இருந்தே எனக்குக் கேட்டது.

"சரிம்மா, முதல் நாளே வர்றேன். படத்துல அது அப்பா கோட்டுதான்னு ஆச்சுன்னா, நானும் அந்தக் கோட்டைப் போட்டுக்கறேன். பந்தயம்."

அக்கா போனை வைத்துவிட்டு எழுந்து போய், பீரோவில் தொங்கிய கோட்டைத் தூசி தட்டினாள்.

படம் வருவதற்கு முந்தின நாள், யாரோ ஒருவர் கதாநாயகியின் முகப் படத்தை பிரிண்ட் போடக் கொடுத்தார். இடது கன்னத்தில் மச்சம். எனக்கு எங்கேயோ இடித்தது. அந்த வீடியோவை எடுத்துப் பார்த்தேன். மச்சம் வலது கன்னத்தில் இருந்தது. பனியனில் அச்சடிக்க நான் தினமும் படத்தை இடம் வலமாகத் திருப்புகிறவள். கம்பெனிக்காரன் கண்ணில் படாமலிருக்க அந்தத் திருட்டுப் பயல் வீடியோவைத் திருப்பிப் போட்டிருக்கிறான்! பட்டன் இடப்பக்கம்தான். சாதாரணப் பொம்பளைக் கோட். அக்கா நாற்பது தடவையும் பட்டனை மட்டும்தான் பார்த்திருக்கிறாள், முகத்தைப் பார்க்கவே இல்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் சொல்லித் தொலைத்தேன். அக்கா போனை வாங்கிப் பார்த்தாள். மச்சத்தைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள். அவ்வளவுதான். கோபமாவது பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"அவகிட்ட சொல்லாதேக்கா. படம் பார்த்து அவளே தெரிஞ்சுக்கட்டும்."

"பொய் சொல்லி எப்படிடி போட்டுவிடறது?"

மறுநாள் காலை பிள்ளை பெட்டியோடு வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அக்கா வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"அந்த வீடியோ திருப்பிப் போட்டது. நான் தோத்துட்டேன்மா."

"தெரியும்மா."

"எப்போ?"

"நீ அனுப்பின அன்னைக்கே. அவளுக்கு மச்சம் இடது கன்னத்துலன்னு எனக்குத் தெரியுமே!"

"அப்புறம் எதுக்குடி பந்தயம் கட்டினே?" என்று நான் எகிறினேன்.

பிள்ளை அம்மாவைத்தான் பார்த்தாள். "சொல்லிட்டா அம்மா போன் பண்றதை நிறுத்திடுவாளோன்னு பயமா இருந்துச்சு சித்தி."

பிறகு அவளே போய்ப் பீரோவைத் திறந்து கோட்டை எடுத்தாள். போட்டுப் பார்த்தாள். தோள் இறுக்கிப் பிடித்தது. பத்தொன்பது வயசு அளவு அல்லவா? "பத்தலம்மா" என்றாள்.

"கழட்டு, குடு."

அக்கா பிளேடை எடுத்து லைனிங்கின் ஓரத்தைப் பிரித்தாள். நான் எட்டிப் பார்த்தேன். மடிப்பு மடிப்பாக அத்தனை துணியும் உள்ளேயே இருந்தது. தோள், முதுகு, முழு நீளக் கை, எல்லாம். ஒரு நூல்கூட வெட்டப்படவில்லை.

"வெட்டலையா?" என்றாள் பிள்ளை.

"அவர் கோட்டை நான் வெட்டுவேனா? மடிச்சுத்தான் வெச்சேன். கையில எடுத்தா கனத்துலயே தெரிஞ்சிருக்குமேன்னு நினைச்சேன்."

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் என்ன டெய்லரா?"

ஆறு வருஷம்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். ரெண்டு பேரையும் நிற்க வைத்துத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். பிள்ளை தரையில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் வாயை மூடிக்கொண்டு போய் மெஷினுக்குச் சாம்பல் நூல் கோத்துக் கொடுத்தேன். அரை மணியில் தோளைத் தளர்த்திக் கொடுத்துவிட்டாள் அக்கா.

படம் எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். பழைய படத்துக்கும் அதற்கும் கம்பெனி சொன்னபடியே ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கதாநாயகி கோட்டோடு வந்தபோது பட்டன் இடப்பக்கம் பளபளத்தது. எங்களுக்கு முன்வரிசையில் ஒரு பையன், "போச்சுடா, அரை இஞ்ச் ப்ரோ கவுத்துட்டான்!" என்று தலையில் அடித்துக்கொண்டான். அக்கா இருக்கையில் இன்னும் கொஞ்சம் கீழே சரிந்து உட்கார்ந்தாள்.

பிள்ளை அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் கோட்டின் மேல் வைத்தாள்.

"அம்மா, எனக்கு வலப்பக்கம்தான் இருக்கு."

"தெரியும்டி," என்றாள் அக்கா. கையை எடுக்கவில்லை.