எதிரணியின் மேளம்

கோடையில் மொன்ட்ரியாலின் வில்லரேப் பக்கம் போனால், ஐஸ் அரங்கின் பின்னால் உள்ள கார் தரிப்பிடத்தில் இன்றைக்கும் மேளச் சத்தம் கேட்கும். மரக்கறிப் பையோடு அப்படியே நின்றுவிடுவேன். மகள் கையைப் பிடித்து இழுத்து, போவோம் போவோம் என்று பிரெஞ்சில் நச்சரிப்பாள். "பொறு பிள்ளை, இந்த அடி முடியட்டும்" என்பேன். அந்த அடி முடிந்தால் அடுத்தது தொடங்கும். நானும் அசைய மாட்டேன்.

என் இளமையில் பாதி அந்தத் தரிப்பிடத்தில்தான் போனது. நான் ஒரு டிரம் கோரில் இருந்தவள். பித்தளைக் குழல்களும் மேளங்களும் கொடிகளுமாக மைதானத்தில் அணிவகுத்து நடந்துகொண்டே வாசிப்போம், நடுவர்கள் புள்ளி போடுவார்கள். கோடை முழுக்க பஸ்ஸில் ஊர் ஊராய் அலைவோம், பள்ளிக்கூடங்களின் உடற்பயிற்சிக் கூடங்களில் தரையில் படுப்போம். இருபத்தொரு வயதோடு வெளியே போய்விட வேண்டும், அது விதி. எனக்கு பாஸ் டிரம், உடம்புக்கு முன்னால் மாட்டிக்கொள்ளும் பெரிய மேளம். ஐந்து பேர் வரிசையாய் நிற்போம், ஒவ்வொருவரின் மேளத்துக்கும் ஒரே ஒரு சுரம். ஐந்து பேரும் மாறி மாறி அடித்தால்தான் அது பாட்டு. நான் நடுவில் நிற்பவள். நான் ஒரு அடியை விட்டால் பாட்டின் நடுவில் ஓட்டை விழும்.

அம்மாவுக்கு இது துண்டாகப் பிடிக்காது. "மேளம் அடிக்கவோ உன்னைக் கனடாவுக்குக் கொண்டந்தனாங்கள்? அதுவும் பொம்பிளைப் பிள்ளை!" என்பார். ஒவ்வொரு வருடமும் மொன்ட்ரியால் நிகழ்ச்சிக்கான டிக்கெட்டை குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைப்பேன். ஒவ்வொரு வருடமும் தையல் தொழிற்சாலையில் அம்மாவுக்கு அன்றைக்கென்று ஓவர்டைம் வந்துவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசி வருடம் மட்டும் அவராகவே சொன்னார்: "கடைசி எண்டு சொல்லுறாய். சரி, வாறன். காது வலிச்சா எழும்பிப் போயிடுவன், சொல்லிப்போட்டன்." அந்தக் கோடை முழுக்க நான் அடித்தது அந்த ஒரு நாளுக்காகத்தான்.

எங்கள் எதிரணி, நகரின் வடக்குப் பக்கத்து மொன்ட்ரியால்-நோர்க்காரர். நாங்கள் எந்த ஊருக்குப் போனாலும் எங்களுக்கு முன்னாலோ பின்னாலோ அவர்களின் பஸ் நிற்கும். பெரும்பாலும் அவர்கள்தான் வெல்வார்கள், எரிச்சல் வராமல் என்ன செய்யும்? வழியில் எதிர்ப்பட்டால் இரண்டு அணியும் ஒரு சொல் பேசாது, முகத்தையும் பாராது. மேளத்தின் விளிம்பில் குச்சியால் டிக் டிக் என்று தட்டிக்கொண்டு கடந்து போவோம். அவர்களும் தட்டுவார்கள். அது வணக்கமா, இல்லை 'இருங்கோ காட்டுறம்' என்பதா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த அணியின் பாஸ் வரிசையிலும் நடுவில் நின்றது ஒரு தமிழ்ப் பிள்ளை. பனை மாதிரி உயரம். எங்கள் அணியில் நான் ஒருத்திதான் தமிழ், அங்கே அவள் ஒருத்தி. அமெரிக்காவில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாயடியில் இருவரும் காலுறை தோய்த்துக்கொண்டு நின்றபோதுதான் முதல் கதை. அவள்தான் தொடங்கினாள்.

"நீர் யாழ்ப்பாணமோ?"

"ஓம். நீர்?"

"மன்னார். நாளைக்கு உங்களுக்கு எங்களிட்ட நல்ல அடி இருக்கு, தெரியுமோ?"

"ஓகோ! வாரும், பாப்பம்."

வாய்க்காரி. ஆனால் அன்று மாலையே எங்கள் சாப்பாட்டு வண்டிப் பக்கம் வந்து ஒரு தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலை நீட்டினாள். நாள்தோறும் உப்புச் சப்பில்லாத பாஸ்தா தின்று நாக்குச் செத்துப்போயிருந்த எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அதன்பிறகு அந்தப் போத்தல் இரண்டு அணிகளுக்கும் நடுவில் போய் வந்துகொண்டே இருந்தது. 'நீர்' போய் 'நீ' ஆனது, 'நீ' போய் 'அடியே' ஆனது. அம்மா வரப்போகிற கதையை அவளிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேனோ!

சுற்றுப்பயணத்தின் முடிவில் மொன்ட்ரியாலுக்குத் திரும்பினோம். பஸ்கள் வந்து சேர்ந்தன, மேளங்களை ஏற்றிய லொறி வரவில்லை. வரும் வழியில், கோர்ன்வோல் ஊருக்குப் பக்கத்தில் எஞ்சின் போய்விட்டதாம், நாளைக்குத்தான் திருத்தலாமாம். நிகழ்ச்சி அன்று மாலை. குழல்கள் எங்கள் கையோடு பஸ்ஸில் வந்ததால் குழல்காரர் மட்டும் வாசிக்கலாம் என்று முடிவானது. மேளக்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் நிற்க வேண்டும். நான் தரிப்பிடத்து விளிம்பில் குந்தியிருந்து குழறினேன். அம்மா வந்து என்னத்தைப் பார்ப்பார்?

மத்தியானம் எதிரணியின் மேளக்காரர் எல்லோரும் வந்தார்கள், மேளங்களையும் தூக்கிக்கொண்டு. அவர்களின் தலைவன் பிரெஞ்சில் இரண்டே வசனம் சொன்னான்: எங்களுக்கு அடுத்தது நீங்கள்தானே. நாங்கள் முடித்து வெளியே வரும்போது வாசலில் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மேளத்தைத் தோளில் மாட்ட ஓர் அலுமினியச் சட்டகம் உண்டு. ஆளின் உயரத்துக்கு ஏற்றபடி திருகாணிகளைக் கழற்றி இறுக்கி அதை வைக்க வேண்டும். அளவு பிழைத்தால் தோளை வெட்டும், விலாவில் குத்தும். அவர்களில் ஒவ்வொருவரும் எங்களில் ஒருவருக்கு அளவு பார்த்தார்கள். மன்னார்க்காரி தன் சட்டகத்தை எனக்கு மாட்டி, சாவியால் திருகித் திருகி என் அளவுக்கு இறக்கினாள்.

"இதைத் திருப்பி உன்ர அளவுக்கு வைக்கோணுமே. பேந்து வாசலிலை எனக்கு மாத்த நேரம் காணுமோ?" என்றேன்.

"அதெல்லாம் நாங்கள் பாப்பம். நீ பேசாமல் நில்லடி, குள்ளி."

மாலையில் அவர்கள் வாசிப்பதை ஓரத்தில் நின்று பார்த்தேன். என்னவோ சரியில்லை. அவளின் மேளம் நெஞ்சுக்கு மேல் ஏறிக் கிடந்தது, முழங்கை இரண்டும் சிறகு மாதிரி வெளியே நின்றன. அந்த வரிசை முழுக்க அப்படித்தான் இருந்தது. கோடை முழுக்கப் பிசகாத வேக அடிகள் இரண்டு இடத்தில் தடுமாறின. இவர்களுக்கு இன்று என்ன பிடித்தது என்று யோசித்தேன்.

வாசலில் மேளத்தைக் கழற்றி என் தோளில் மாட்டினாள். வியர்வையில் நனைந்து சூடாய் இருந்தது. யாரும் ஒரு திருகாணியைத் தொடவில்லை. அப்படியே கச்சிதமாய் என் உடம்பில் உட்கார்ந்தது. அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் அளவிலேயே நின்று தங்கள் நிகழ்ச்சியை ஆடிவிட்டு வந்திருக்கிறார்கள்!

ஒன்றும் கேட்க நேரமில்லை. அவர்கள் வழியின் இரு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். தட்டுவதற்கு மேளம் இல்லை, குச்சியோடு குச்சியைத் தட்டினார்கள். டிக் டிக். நாங்கள் உள்ளே போனோம். என் வாழ்க்கையில் அன்றைப் போல் நான் அடித்ததில்லை. புள்ளியில் அந்தக் கோடையில் முதல் தடவையாக, மயிரிழையில், அவர்களை முந்தினோம். எங்கள் பக்கத்தில் ஒருவரும் துள்ளவில்லை.

அம்மா வீட்டில் பொரித்த ரோல்ஸ் பெட்டியோடு பார்வையாளர் படிகளில் இறங்கி வந்தார். "காது வலிக்கேல்லை" என்றார். அம்மாவிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு ஏது? மேளத்தை வாங்கிப்போக அவள் வந்தாள். கையில்லாத பனியன் போட்டிருந்தாள், இரண்டு தோளிலும் சிவப்புச் சிவப்பாய்த் தடம்.

"என்ன பிள்ளை இது? தோளெல்லாம் கண்டிப்போய்க் கிடக்கு!"

"ஒண்டுமில்லை அன்ரி. கொஞ்சம் இறுக்கிப் போட்டுது."

அம்மா கைப்பையைத் துழாவித் தைலத்தை எடுத்து, அவளை இருத்தித் தடவத் தொடங்கினார். "அடுத்த வருசமும் இந்தக் கூத்துத்தானோ உமக்கு?"

"இல்லை அன்ரி. எனக்கும் இண்டையோட சரி. வயசு முடிஞ்சுது."

அவள் என்னைவிட இளையவள், இன்னும் ஒரு வருடம் இருக்கும் என்று நானாகவே நினைத்திருந்தேன். "உனக்கும் கடைசியோ? அப்ப ஏனடி இப்பிடிச் செய்தனி?"

அவள் ரோல்ஸைக் கடித்தபடி சொன்னாள்: "என்ர அம்மா ஒவ்வொரு வருசமும் வாறவ."

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். "நோகுது, விடடி" என்றாள்.